அது பால் பல் இல்லைம்மா

போன வாரம் 12 வயதுப் பையன் ஒருவன் கன்னம் வீங்கி வந்தான். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கரைந்து, வேர் மட்டும் மிச்சம். "பால் பல்லுதான டாக்டர், எடுத்துடுங்க, வேற முளைச்சுடும்" என்றார் அம்மா. இந்த மாதம் மட்டும் இதே பேச்சை நான்காவது தடவையாகக் கேட்கிறேன்.

முளைக்காது. அந்த இடத்தில் இனி எந்தப் பல்லும் முளைக்காது.

சுமார் 6 வயதில், பால் பல் வரிசைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. விழுந்து முளைத்தால்தான் நிரந்தரப் பல் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் இவற்றை யாரும் கவனிப்பதில்லை. 12 வயதுவாக்கில் இவற்றுக்கும் பின்னால் இன்னும் நான்கு வரும். அவையும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். பால் பல் பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவது, ஏழாவது பல் இருந்தால் அது ஆயுளுக்கும் உள்ள பல்.

அப்புறம் சிகிச்சை. பல் வெளியே முழுசாகத் தெரிந்தாலும், உள்ளே வேரின் நுனி மூட மேலும் 3 வருடம் போல ஆகும். 13 வயதில் ஏழாவது பல்லின் சொத்தை நரம்பைத் தொட்டால், பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி நேராக ரூட் கெனால் (நரம்பை எடுத்துவிட்டு வேரின் உள்ளே அடைப்பது) செய்ய முடியாது. முடிந்தவரை நரம்பை உயிரோடு காப்பாற்றி, வேரை வளரவிடவே பார்ப்போம். நரம்பு செத்துவிட்டால் வேர்ச்சுவர் மெல்லிசாகவே நின்றுவிடும், பல் எளிதில் உடையும்.

"இம்ப்ளான்ட் வெச்சுக்கலாமே?" என்று கேட்கிறார்கள். தாடை எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல் அது. தாடை வளர்ந்து முடியும்வரை வைக்கக் கூடாது. வைத்தால் பக்கத்துப் பற்கள் தாடையோடு வளர்ந்து போக, அது மட்டும் பள்ளத்தில் நிற்கும்.

தயவுசெய்து, வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். 6 வயதிலும் 12 வயதிலும் கட்டாயம் காட்டுங்கள். புதுக் கடைவாய்ப் பல்லின் ஆழமான பள்ளங்களில், சொத்தை வராமல் தடுக்க சீலன்ட் என்ற பூச்சைப் பூசிவிடலாம். ஊசி கிடையாது, வலியும் கிடையாது. 13 வயதாகியும் மேல் கோரைப் பல் வரவில்லையா? எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வயதுக்கு வரும் பருவத்தில் ஈறில் ரத்தம் கசிகிறது என்று பிரஷ் செய்வதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இன்னும் அதிகமாகும்.

அந்தப் பையனின் மற்ற மூன்று ஆறாவது பற்களிலும் சொத்தை தொடங்கியிருக்கிறது. வியாழக்கிழமை அடைக்கிறோம். தங்கைக்கு ஏழு வயதாம். அவளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.