பார் போய்விட்டது, பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது

"பாப்பா ஜோஸ் பாரில் தரை ஷூவில் ஒட்டும், டாக்டர். காலை எடுத்தால் சர்ரென்று ஒரு சத்தம் வரும்." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நான் பார்க்கவில்லை. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். கல்லீரல் என்சைம் மூன்று மடங்கு ஏறியிருக்கிறது, குடியைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று அவருடைய குடும்ப மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

நான் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மனநல மருத்துவர். என் வேலையில் பாதி குடிப்பழக்கச் சிகிச்சைதான். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்பதால், இங்கே படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர் வருவார்கள். குடி எப்படித் தொடங்கியது என்று கேட்டால் போதும், முக்கால்வாசிப் பேர் ஹை ஸ்ட்ரீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். (இதில் வரும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்; இரண்டு மூன்று பேரை ஒருவராகக் கலந்தும் இருக்கிறேன்.)

வளாகத்தின் தெற்குப் பக்கம், ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டி ஒரு காலத்தில் பார்கள் வரிசையாக இருந்தன. பாப்பா ஜோஸில் பீர் வாளியில் வரும். 1996-இல் அது எரிந்துபோனது. அந்த வட்டாரத்தில் குற்றம் பெருகிவிட்டது என்று பல்கலைக்கழகத்தின் முயற்சியில் 1995-இல் கேம்பஸ் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பு தொடங்கியது. மிச்சமிருந்த பல கட்டடங்கள் இடிபட்டு, 2005-இல் அங்கே சவுத் கேம்பஸ் கேட்வே வந்தது: சினிமா தியேட்டர், புத்தகக் கடை, மேலே அடுக்குமாடி வீடுகள். திங்கட்கிழமைகளில் கவிதை வாசிப்பு நடந்த லாரீஸ் இன்று இல்லை. படியிறங்கிப் போகும் நிலவறைக் கடையான பெர்னீஸும் இல்லை.

அந்தக் காலத்துக் குடியில் இன்னொரு விசேஷம் உண்டு. 1982 வரை ஓஹையோவில் பதினெட்டு வயது ஆனவர்கள் பீர் வாங்கலாம். ஆனால் '3.2 பீர்' மட்டும்தான். எடைக் கணக்கில் 3.2 சதவீத ஆல்கஹால், அதாவது கொள்ளளவில் சுமார் 4 சதவீதம். பழைய மாணவர்கள் அதைத் தண்ணீர் என்று கேலி செய்வார்கள். அதன்பின் வயது பத்தொன்பதாகி, 1987-இல் இருபத்தொன்றானது. வயதை உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துவைப்போம் என்று மத்திய அரசு 1984-இல் போட்ட சட்டம்தான் காரணம். அந்தச் சட்டத்தால் சாலை விபத்துகளில் இளைஞர்கள் சாவது குறைந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பாரின் வாசலில் தடுக்கப்பட்ட பையன் குடிக்காமல் இருந்துவிடவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒளித்துவைக்க பீரைவிட வோட்கா வசதி.

இங்கே இதற்கு 'ப்ரீகேம்' என்று பெயர். ஆட்டத்துக்கோ பார்ட்டிக்கோ போகும் முன்பே ஒரு சுற்று ஏற்றிக்கொள்வது. ஓஹையோ ஸ்டேட் ஃபுட்பால் ஆட்டம் பல நேரம் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். இந்த மாநிலத்தில் காலை ஐந்தரைக்கே பார் திறக்கலாம். ஆட்ட நாளில் முட்டையும் பீருமாகக் காலைச் சாப்பாடு நடக்கும். அதற்கு 'கெக்ஸ் அண்ட் எக்ஸ்' (பீர் பீப்பாயும் முட்டையும்) என்று பெயர் வேறு. முதன்முதலில் கேட்டபோது ஏதோ பேக்கரிப் பெயர் என்றுதான் நினைத்தேன்.

சரி, ஷூ ஒட்டும் தரைக்காரரிடம் வருகிறேன். இப்போது எங்கே குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டு பேஸ்மென்டில். பெரிய டிவி, தோல் சோபா, சுவரில் பழைய ஆட்டங்களின் டிக்கெட்டுகளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். பாப்பா ஜோஸ் படம்கூட ஒன்று இருக்கிறது. "எவ்வளவு?" என்றேன். "இரவுக்கு ரெண்டு கிளாஸ், அவ்வளவுதான்."

என் அறையில் ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு ஜாடித் தண்ணீரும் எப்போதும் இருக்கும். வீட்டில் எப்படி ஊற்றுவீர்களோ அப்படியே ஊற்றுங்கள் என்றேன். ஐஸ் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், நினைத்துக்கொண்டார், ஊற்றினார். கை பழகிய கை. ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை அளவுக் குடுவையில் மாற்றி அவர் கண்முன் வைத்தேன். 110 மில்லி.

அமெரிக்கக் கணக்கில் 'ஒரு டிரிங்க்' என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் என்றால் 355 மில்லி, 12 சதவீத ஒயின் என்றால் 150 மில்லி, 40 சதவீத விஸ்கி என்றால் 44 மில்லி. அவருடைய ஒரு கிளாஸ் இரண்டரை டிரிங்க். இரவுக்கு ஐந்து, வாரத்துக்கு முப்பத்தைந்து. ஆண்களுக்கு வாரம் பதினைந்தைத் தொட்டாலே அதிகக் குடி என்பது இங்குள்ள மருத்துவக் கணக்கு; பெண்களுக்கு எட்டு. "வாரத்துக்கு ஒரு பாட்டில்தானே, டாக்டர்" என்றார். எந்த பாட்டில் என்று கேட்க வேண்டும். 750 மில்லி பாட்டிலில் பதினேழு டிரிங்க். பிடி வைத்த பெரிய பாட்டில் 1.75 லிட்டர், அதில் நாற்பது. அவருடையது பிடி வைத்தது.

அவர் ரொம்ப நேரம் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாரில் இப்படி ஊற்றியிருந்தால் அவனை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள்" என்றார்.

நான் இத்தனை நாளாக யோசித்து வைத்திருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பாரில் ஊற்றுகிறவர் வேறு, குடிக்கிறவர் வேறு. ஒவ்வொரு கிளாஸுக்கும் காசு கொடுக்க வேண்டும், அடுத்ததற்குக் கூட்டத்தில் காத்திருக்க வேண்டும். போதை தலைக்கேறியவருக்கு ஊற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. (எல்லாரும் அதை மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.) நள்ளிரவு தாண்டி விளக்கைப் போட்டு வெளியே அனுப்புவார்கள். பிறகு நடந்து அறைக்குப் போக வேண்டும். பேஸ்மென்டில் இதில் ஒன்றுமே இல்லை. பாரைப் புனிதப்படுத்த எனக்கு ஆசையில்லை; அங்கே கெட்டுப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இடம் போனபோது அதோடு வேலிகளும் போய்விட்டன, சரக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது.

நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். தொண்ணூறுகளின் கடைசியில் எம்.எஸ். படிக்க வந்து, ஒரே அப்பார்ட்மென்டில் ஐந்து பேராக இருந்து, ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு ஜாடி பீரை நான்காகப் பங்கிட்டவர்கள் இன்று புறநகரில் வீடு வாங்கிவிட்டார்கள். தீபாவளிக்கும், பரம எதிரியான மிஷிகன் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஃபுட்பால் ஆட்டத்துக்கும் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் கூடுவார்கள். "நான் சோஷியல் டிரிங்கர் மேடம், ரெண்டு லார்ஜ்தான்" என்பார்கள். 60 மில்லி லார்ஜ் என்பதே இங்கத்திய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை டிரிங்க். அதுவும் அளந்து ஊற்றினால்! விருந்தாளியின் கிளாஸ் காலியாக இருக்கக் கூடாது என்பது நம் உபசாரம். சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்பவர் மாதிரி, பாதி குடிப்பதற்குள் பாட்டிலோடு வந்து நிரப்பிவிடுவார்கள். எத்தனை என்று எண்ணவே முடியாது.

1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவர் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கியபோது அது ஒரு நோயின் பெயர், ஊர் ஏக்கத்தில் வாடுகிறவர்களுக்குச் சொன்னது. இன்று நாங்கள் அதை நோயாகப் பார்ப்பதில்லை. எனக்கு அது ஒரு கருவி. அந்தப் பழைய பாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்வேன். ஜூக்பாக்ஸ், பூல் மேஜை, கடன் சொல்லிவிட்டு ஓடிப்போன நண்பன், காதலித்து அப்புறம் வேறொருவரைக் கட்டிக்கொண்ட பெண், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு யாருமே பேசாத அந்த ஒரு மணி நேரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பேசி முடித்ததும் கேட்பேன்: பீர் எத்தனை முறை வந்தது? பெரும்பாலும் ஒன்று, இரண்டு. வாந்தியும் தலைவலியும் வரவே வராது. நினைவு கெட்டதைச் சீக்கிரம் மங்கவிட்டுவிடும். அவர்கள் ஏங்குவது ஆட்களுக்காக. பாட்டிலைத் திறந்தால் அந்த ஆட்களும் வந்துவிடுவார்கள் என்று மூளை நம்பிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. தினமும் அதிகம் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்று நான்கு நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிற குழப்ப நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கினால், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் 1994-இலிருந்தே இதற்காக அனுமதிக்கப்பட்டது. வலிக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆகாது. மருந்து இருப்பதே தெரியாமல் மன உறுதி, வைராக்கியம் என்று வருடக்கணக்கில் போராடிவிட்டு வருகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் விட்டிருக்கும் பெற்றோர், இதை மட்டுமாவது அவர்களுக்கு அனுப்புங்கள். குடித்துவிட்டுக் கிடக்கும் நண்பனை எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு அல்லது பத்து நொடி விட்டு விட்டு வருகிறது, தோல் சில்லிட்டு நீலம் பாய்கிறது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே உடனே 911 (இங்குள்ள அவசர உதவி எண்). ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆள் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக் கூடாது. வயிற்றில் இருப்பது தூங்கும்போதும் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். காபியும் குளியலும் எதையும் இறக்காது. கல்லீரல் சுமார் ஒரு மணிக்கு ஒரு டிரிங்க் என்ற வேகத்தில்தான் வேலை செய்யும், அவசரப்படுத்த முடியாது.

ஷூ ஒட்டும் தரைக்காரருக்கு மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தேன். அந்தக் கால அறை நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒரு மணி நேரத் தொலைவில், டேட்டனில் இருப்பவரோடு பதினோரு வருடமாகப் பிறந்தநாள் குறுஞ்செய்தி மட்டும்தானாம். இருவரும் செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்குப் போனார்கள். பாருக்குப் பதிலாக ஸ்கல் செஷனுக்கு. ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது பல்கலைக்கழக இசைக்குழு செயின்ட் ஜான் அரங்கில் வாசிக்கும்; கூட்டம் நெரியும், காசு கிடையாது. எப்படி இருந்தது என்று கேட்டேன். "பித்தளை வாத்தியச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்கவில்லை. அந்தக் காலத்து பார் மாதிரியேதான்" என்றார். அன்று இரவு வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் குடித்ததையும் மறைக்கவில்லை. அளந்து ஊற்றியிருக்கிறார், 44 மில்லி.

மிஷிகன் ஆட்டம் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வாக்கில் வரும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை என் அறையில் இடம் கிடைப்பது கஷ்டம். வர வேண்டும் என்று தோன்றினால் அதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.