விண்டோஸ் 10 கணினியை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் என்னிடம், விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?” பணம் போட்டு வாங்கிய பொருளை, அது உழைக்கும்வரை வைத்துக்கொள்ள நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் கணினி நன்றாக ஓடுகிறதா என்பது வேறு, அதன் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றனவா என்பது வேறு. இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. மறுநாள் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை என்பதால் பலருக்கு இது ஒரு செய்தியாகவே படவில்லை. உண்மையில் ஆபத்து அன்றுதான் வளரத் தொடங்கியது. விண்டோஸ் 11க்குள் இருக்கும் நிரல்களில் பெரும்பகுதி விண்டோஸ் 10இலும் இருப்பவைதான். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11க்குத் திருத்தங்கள் வெளியாகும்போது, திருத்தத்திற்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தாக்குபவர்கள் கண்டுபிடித்துவிடலாம். அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் இருந்தால், அங்கே அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகள்தான் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போதும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய இயங்குதளத்திற்கு மாறிவிட்டுப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பவர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

“ஆன்டிவைரஸ் இருக்கிறதே” என்று சிலர் சொல்கிறார்கள். விண்டோஸ் 10உடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளக் குறிப்புகள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பது உண்மைதான். ஆனால் ஆன்டிவைரஸ், உள்ளே வரும் தீநிரலை அடையாளம் கண்டு பிடிக்க முயலுமே தவிர, அது நுழையும் ஓட்டையை அடைக்காது.

உடனே மாற்ற முடியாதவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு. நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால், வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்பது அந்த நிறுவனத்தின் அறிவிப்பு. கணினி விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கட்டணம் செலுத்தியும் சேரலாம், கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்யச் சம்மதித்துக் கட்டணமின்றியும் சேரலாம். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் மாற்றத்திற்குத் தயாராவதற்கான அவகாசமாக மட்டுமே இதைக் கொள்ள வேண்டும்.

அடுத்தது, உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய பிராசசர், டிபிஎம் 2.0 (சாவிகளைப் பாதுகாக்கும் வசதி), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி இவற்றைச் சோதித்துச் சொல்லும். “டிபிஎம் இல்லை” என்று அது காட்டினால் உடனே புதுக் கணினி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் டிபிஎம் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அதைத் தேட வேண்டும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் விதிப்படி போதுமானவையாக இருக்கலாம், அன்றாட வேலைக்குப் போதாது. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத கணினியில் விண்டோஸ் 11ஐப் போட்டுத் தருவதை நான் தவிர்க்கிறேன்.

தகுதியற்ற கணினியிலும் சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. அலுவலகக் கணினியில் இதைச் செய்யவே வேண்டாம். அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ காலத்துப் பழைய பிராசசர்களில் பூட் ஆவதே இல்லை. புதுப்பிப்புக்காக மாறுகிறவர்கள், புதுப்பிப்பு உறுதியில்லாத நிலைக்கு மாறுவதில் என்ன பயன்? இணையம் பார்க்கவும் கடிதம் தட்டவும் மட்டுமே பயன்படும் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல தேர்வு. டாலி போன்ற கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் இடங்களுக்கு அது பொருந்தாது.

பெரும்பாலான சிக்கல்கள் கணினியோடு சேர்ந்து இயங்கும் பழைய பொருள்களால்தான் வருகின்றன. முடிவெடுக்கும் முன் அதிக நேரம் செலவிட வேண்டியதும் அங்கேதான். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. அடகுக் கடைகளிலும் அரிசி மண்டிகளிலும் பல்லாண்டுகளாக ஓடும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து பில்லிங் புரோகிராம்கள், 32 பிட் விண்டோஸ் 10இல் ஓடியதுபோல இதில் நேரடியாக ஓடமாட்டா. 32 பிட்டிலிருந்து அப்படியே மேம்படுத்தவும் முடியாது. டிஸ்க்கை அழித்துப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கைரேகைக் கருவி, ஆடிட்டர் அலுவலகத்தின் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11க்கான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் முதலில் பாருங்கள். அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் இன்னொன்றும் உண்டு. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு, அந்த எழுத்துருக்களை எடுக்க மறந்தால், புதிய கணினியில் திறக்கும்போது தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும்.

நிறுவும்போது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைகிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் தேவை. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது பல கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டு (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு), அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. அவசரத்துக்கு சர்வீஸ் செய்பவரோ, பின்னால் வேலையை விட்டுப்போகும் ஊழியரோ தம் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டால், பின்னொரு நாள் போர்டு பழுதாகிச் சாவி கேட்கப்படும்போது உரிமையாளரின் கையில் எதுவும் இருக்காது. கணக்கு உரிமையாளருடையதாக இருக்கட்டும். சாவியைத் தாளில் அச்சிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

விண்டோஸ் 10இன் மேலேயே மேம்படுத்தினால், திருப்தி இல்லாதபோது பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. டிஸ்க்கை அழித்து நிறுவினால் அந்த வழியும் இல்லை. ஆகவே ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், மாதக் கடைசியில் ஓய்வான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இயன்றால் புது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ் 11ஐ நிறுவி, பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு மாதக் கணக்கும் ஒரு தாக்கலும் புதியதில் சரியாக முடிந்த பிறகு பழைய டிஸ்க்கை அழித்தால் போதும்.