சீமாஸ் பேட்டரி: தமிழில் என்ன சொல்லலாம்?

பழைய மேசைக் கணினியின் மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சீமாஸ் (CMOS) பேட்டரியின் பெயரில் இரண்டு சொல்லுமே கொஞ்சம் இடறும்.

சீமாஸ் என்பது சிப் செய்யும் முறை; விரித்தால் ‘நிரப்பு உலோக ஆக்சைடு குறைகடத்தி’. இன்றைய பிராசசரும் அந்த வகைதான். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் கடிகாரமும் 64 பைட் நினைவகமும் சேர்ந்த மோட்டோரோலா சிப் இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்குப் போக, மீதி 50-ல் ஹார்டு டிஸ்க் வகை, நினைவக அளவு போன்ற அமைப்புகள். மின்சாரம் நின்றால் அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் பேட்டரி. சொற்ப மின்சாரத்தில் ஓட வேண்டுமென்று சிப்பை சீமாஸ் முறையில் செய்தார்கள். முறையின் பெயர் நினைவகத்துக்கு ஒட்டி, பேட்டரிக்கும் தாவிவிட்டது.

பேட்டரி பிரெஞ்சு வழி வந்த சொல். அடித்தலைக் குறித்து, பிறகு பீரங்கி வரிசையானது; 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் வரிசையாக இணைத்த லெய்டன் ஜாடிகளுக்கு (மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவைகள்) அதைச் சூட்டினார். ஆக, பல கலங்கள் சேர்ந்தால்தான் பேட்டரி, அதாவது மின்கல அடுக்கு. போர்டில் பற்றவைத்த பழைய 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் உருளை உண்மையிலேயே அடுக்கு: உள்ளே 1.2 வோல்ட் கலங்கள் மூன்று. (கசிந்து, பச்சை பூத்து, செப்புத் தடங்களை அரிப்பதும் இதுதான். பார்த்தால் உடனே கழற்றிவிடுங்கள்.) பின்னால் வந்த சிஆர்2032 ஒற்றைக் கலம்: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ., 3 வோல்ட். அதற்கு ‘மின்கலம்’ போதும்.

வேலையைச் சொல்லும் பெயர் வேண்டுமென்றால் ‘காப்பு மின்கலம்’. நூலின் முதலில் பாடும் காப்புச் செய்யுளில் உள்ள அதே காப்பு. கோப்புகளின் காப்பு நகலோடு குழம்பும் இடத்தில் ‘அமைப்புக் காப்பு மின்கலம்’ என்று எழுதலாம்.

மின்கலம் தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போகும், ‘சீமாஸ் செக்சம் எரர்’ (சேமித்த அமைப்புகள் சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்ற பிழை) வரும், தேதி தவறானதால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் இணையதளங்களை மறுக்கும். பிளக் இணைப்பிலேயே இருந்தால் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் கடிகாரத்தை ஓட்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த பிறகுதான் குட்டு வெளிப்படும். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றுவதே மேல்.

மாற்றும் முன் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, பக்கவாட்டுக் கொக்கியைத் தள்ளினால் மின்கலம் எழும்பும். புதியதன் ‘+’ முகம் மேலே இருக்கட்டும். பிறகு பயாஸில் தேதியோடு, ஹார்டு டிஸ்க்குடன் கணினி பேசும் சாட்டா முறையையும் பாருங்கள்: ஏஹெச்சிஐ என்ற முறையில் நிறுவிய விண்டோஸ், அது ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருந்தால் நீலத் திரையில் நிற்கும். அதற்கு ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்.