பழைய யூபோனியத்தின் வாயைக் குடைய வேண்டாம்

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் காலியாகிவிடும். பேண்ட் செட்டுக்காரர்கள் கருவிகளைப் பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு வருவது அப்போதுதான். கோவையில் பித்தளை ஊதுகருவிகளுக்கென்று சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். போன ஆடியில் கோபிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பழைய வேட்டியில் சுற்றி ஒரு யூபோனியம் (கனமான குரல் கொண்ட பெரிய பித்தளை ஊதுகருவி) கொண்டுவந்தார். "மேல போனா சுதி நிக்க மாட்டேங்குதுங்க தம்பி. வால்வு தேஞ்சு போச்சாட்ட இருக்குது, பாருங்க" என்றார்.

வால்வுகளில் ஒரு குறையும் இல்லை. கோளாறு வாயில் இருந்தது. மவுத் பீஸ் (உதட்டை வைத்து ஊதும் கழற்றக்கூடிய துண்டு) சொருகும் குழாயை யாரோ துரப்பணம் போட்டுக் குடைந்திருந்தார்கள். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பழைய மவுத் பீஸ் ஒரு திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துவிட்டது. புதிதாக வாங்கியது முழுசாக உள்ளே போகவில்லை. பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறார், அவர்கள் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கருவி அவருடைய அப்பா ஊதியது.

இதே கதையை நான் பலமுறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. மவுத் பீஸ் என்பது மாற்றக்கூடிய பொருள். கருவியின் வாய்க்குழாய் அப்படியல்ல. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை என்றால் வெட்டவேண்டியது எது என்பதில் சந்தேகமே வேண்டாம். பல சமயம் எதையும் வெட்டவே தேவையில்லை, நடுவில் ஓர் அடாப்டர் போதும்.

ஏன் பொருந்துவதில்லை என்று முதலில் சொல்கிறேன். மவுத் பீஸின் தண்டு நேரான உருளை கிடையாது, நுனியை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவு ஏறத்தாழ 20-க்கு 1. அதாவது 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். இதைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். தண்டு அரை மி.மீ. பருமனாக இருந்தால் 10 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும். அரை மி.மீ. மெலிந்திருந்தால் 10 மி.மீ. கூடுதலாக உள்ளே போய்விடும். சாதாரணமாக உள்ளே போகவேண்டியதே 25 மி.மீ. சுமார்தான். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் சுருதியில் எப்படித் தெரிகிறது என்பது இப்போது புரியும்.

யூபோனியம், டிராம்போன், பாரிடோன் மூன்றுக்கும் சேர்த்துத் தண்டுகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வருகின்றன. சிறியதற்கும் பெரியதற்கும் நுனியில் 1 மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். சாதாரண டெனர் டிராம்போனுக்குச் சிறியது, பேஸ் டிராம்போனுக்குப் பெரியது. குழப்பம் நடுத்தரத்தில்தான். பூசி அண்ட் ஹாக்ஸ், பெஸ்ஸன் போன்ற பிரிட்டிஷ் யூபோனியங்கள் 1970-களின் நடுப்பகுதி வரை நடுத்தர வாயோடு வந்தன, அதற்கப்புறம் பெரியதுக்கு மாறின. இன்று கடையில் யூபோனியம் மவுத் பீஸ் என்று கேட்டால் பெரும்பாலும் பெரிய தண்டைத்தான் கொடுப்பார்கள். கோபிப் பெரியவருக்கு நடந்தது அதுதான். உத்தரப் பிரதேசத்து மீரட்டின் ஜலி கோட்டிப் பகுதியில் 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனியும், பின்னால் பலரும் பேண்ட் கருவிகள் செய்து வருகிறார்கள். நம் பக்கத்து செட்டுகளில் அங்கே செய்த கருவிகளும் நிறைய உண்டு. பெயரைப் பார்த்தோ வயசைப் பார்த்தோ வாய் அளவை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்.

அளப்பது சுலபம். தண்டின் மேல் நீளவாக்கில் பென்சிலால் நாலு கோடு போடுங்கள். அழுத்தாமல் சொருகி, கால் சுற்றுத் திருப்பி, வெளியே எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் சரியான பொருத்தம். நுனியில் மட்டும் அல்லது வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் சரிவு ஒத்துப்போகவில்லை. சொருகியபடியே பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆடும். டெஃப்லான் டேப் சுற்றி ஒரு முகூர்த்தத்தை ஒப்பேற்றலாம், தப்பில்லை. எம்சீல், ஈயப்பற்று இரண்டும் கூடவே கூடாது.

சரி, அடாப்டருக்கு வருவோம். சிறிய தண்டைப் பெரிய வாயில் வைக்க ஓர் உறை போதும். தண்டின் மேல் மாட்டிக்கொள்ளும், சுவர் கனம் அரை மி.மீ. சுமார். தண்டு எங்கே முடிகிறதோ அங்கேயே உறையும் முடியவேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஒரு படி விழும், உச்ச ஸ்வரங்கள் அங்கே தடுமாறும். பெரிய தண்டைச் சிறிய வாயில் வைப்பது வேறு கணக்கு. உறை போட இடமே இல்லை, மேலே ஒரு கிண்ணமும் கீழே ஒரு தண்டுமாகத் துண்டுக் குழாய்தான் போடவேண்டும். அது கருவியின் நீளத்தைக் கூட்டும், சுருதி இறங்கும். இந்த இடத்தில் அடாப்டரை நான் சிபாரிசு செய்வதில்லை. வாய்க்கு ஏற்ற தண்டுள்ள மவுத் பீஸையே தேடி வாங்குங்கள், பழைய யூபோனியம் என்றால் நடுத்தரத் தண்டு. டெனிஸ் விக் யூபோனியம் மவுத் பீஸ்களில் எண்ணோடு வரும் எழுத்துகள் ஏஎல் என்றால் பெரியது, ஏஎம் என்றால் நடுத்தரம். கிடைக்காவிட்டால் விலை குறைந்த மவுத் பீஸின் தண்டைக் கடைந்து மெலிதாக்கலாம். கெட்டாலும் போவது மவுத் பீஸ்தான்.

நம் ஊரில் லேத்துக்குப் பஞ்சமா? கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு நல்ல டர்னர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'இது உள்ளே போகணும்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் குடையத்தான் செய்வார்கள். அவர்கள் பாஷையில் சொல்லுங்கள்: நம்பர் 1 மோர்ஸ் டேப்பருக்குக் (லேத் வேலையில் வழங்கும் ஒரு நிலையான சரிவு அளவு) கிட்டத்தட்ட இதே சரிவுதான், காம்பவுண்ட் ஸ்லைடை 1 டிகிரி 26 நிமிடத்தில் வைக்கவேண்டும். உள் டேப்பரை முதலில் போர் பண்ணி, அதே டேப்பரில் ஒரு மேண்ட்ரல் (உள்ளிருந்து தாங்கும் தண்டு) செய்து அதில் ஏற்றி வெளியே கடைந்தால் மெல்லிய உறையும் நசுங்காது. மவுத் பீஸ், கருவி இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். கருவியை மட்டும் லேத்தில் ஏற்றவிடாதீர்கள்.

அடாப்டரால் ஆகாத வேலையும் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஒரு தேவாலயக் குழுவினர் பழைய பிரிட்டிஷ் பாரிடோன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கீபோர்டோடு சேரவில்லை, சுருதி ஏறியே நிற்கிறது. ஒன்றைவிட ஒன்று நீளமாக நாலு அடாப்டர் செய்து பார்த்திருந்தார்கள். அது ஹை பிட்ச் கருவி. பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரை சுருதி சேர்க்கும் மேற்கத்திய ஏ ஸ்வரத்தை 452.5 ஹெர்ட்ஸில் வைத்துத்தான் வாசித்தன. இன்றைய 440-ஐ விட ஏறத்தாழ கால் டோன் அதிகம். பாரிடோனின் குழாய் நீளம் சுமார் 2.75 மீட்டர். சுருதியை 440-க்கு இறக்க ஏறத்தாழ 78 மி.மீ. கூட்டவேண்டும். 25 மி.மீ. அடாப்டர் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 78 மி.மீ.-க்கு அடாப்டர் செய்தாலோ, சரிவாக விரியவேண்டிய வாய்க்குழாயின் தலையிலேயே நீண்ட ஒட்டு விழுந்துவிடும், ஸ்வரங்கள் தங்களுக்குள்ளேயே முரண்படும். நீளத்தைக் கூட்டவேண்டிய இடம் பிரதான டியூனிங் ஸ்லைடு, சுருதி சேர்க்க இழுத்து நீட்டும் வளைகுழாய். அதற்கு இரண்டு கால், ஒவ்வொன்றிலும் 39 மி.மீ. நீட்டிப்பு. வால்வுக் குழாய்களும் அதே விகிதத்தில் நீளவேண்டும், முதல் வால்வுக்கு மொத்தம் 9 மி.மீ. சொச்சம். பழைய ஸ்லைடை அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நீளமான ஒன்றைச் செய்து கொடுத்தேன். நாளைக்கு யாராவது பழைய சுருதி வேண்டுமென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, மவுத் பீஸோ அடாப்டரோ சிக்கிக்கொண்டால் பிளையரால் முறுக்காதீர்கள். வாய்க்குழாய் முறுக்கிக்கொண்டு பற்றுவிடும், உள்ளே விரிசலும் விழலாம். மவுத் பீஸ் இழுப்பான் என்று சின்னக் கருவி இருக்கிறது, பேண்ட் செட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், இரண்டு நிமிஷ வேலை. ஒவ்வொரு முறையும் ஊதி முடித்ததும் அடாப்டரைக் கழற்றித் துடைத்து வையுங்கள், ஈரத்தில் பச்சை பிடித்துத்தான் சிக்குகிறது.

கோபிப் பெரியவரின் யூபோனியத்துக்குக் குடைந்த பகுதிக்குள் புதிதாக ஒரு குழாய் கடைந்து உட்கார வைத்தேன், நடுத்தர அளவிலேயே. மவுத் பீஸ் இன்னொரு முறை கூட்டத்தில் தொலையக்கூடாது என்று பெரியவர் அதன் கழுத்தில் அரைஞாண் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கருவியின் வளைவில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அதோடுதான் போனார்.