அணையை அடியிலிருந்து தூக்கும் தண்ணீர்

100 மீட்டர் உயரமும் அடியில் 80 மீட்டர் அகலமும் உள்ள கான்கிரீட் புவியீர்ப்பு அணை (தன் எடையாலேயே நிற்கும் அணை) ஒன்றை முக்கோண வடிவமாக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத் துண்டின் எடை 9,600 டன். நீர்த்தேக்கம் நிரம்பினால் அந்தத் துண்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை 5,000 டன். பாறையோடு உள்ள உராய்வுக் கெழு 0.7 என்றால் 6,720 டன் வரை அணை தாங்கும், நகராது.

ஆனால் பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் அணையை 4,000 டன் விசையோடு மேலே தூக்கும். அதைக் கழித்தால் உராய்வு 3,920 டன்தான். தள்ளும் விசையைவிட இது குறைவு. மீதிக்குக் கான்கிரீட்டுக்கும் பாறைக்கும் உள்ள பிடிப்பை நம்பித்தான் அணை நிற்க வேண்டியிருக்கும்.

பிரான்சின் பூசே அணை 1884இல் ஓரடிக்கு மேல் நகர்ந்தது. பலப்படுத்திய பிறகும் 1895 ஏப்ரலில் உடைந்து 80 பேருக்கு மேல் இறந்தனர். மேல்நோக்கு அழுத்தத்தைப் பொறியாளர்கள் பரவலாகக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் வடிகால் கேலரி, அதாவது கசிவு நீரை வெளியேற்ற அணைக்குள் விடும் சுரங்கப்பாதை, இல்லை. 1979க்குப் பிறகு நடந்த பலப்படுத்தும் பணியில்தான் அது வந்தது.

தீர்வு எளிது. நீர்த்தேக்கப் பக்கம் பாறைக்குள் சிமெண்ட் பாலை அழுத்திச் செலுத்தித் திரை போடுவார்கள். அதற்குப் பின்னால், கேலரித் தரையிலிருந்து சுமார் 3 மீட்டருக்கு ஒன்றாக வடிகால் துளைகள். இவை வேலை செய்தால் துளை வரிசையில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பது வடிவமைப்பு விதி. மேலே சொன்ன அணையில் தூக்கும் விசை சுமார் 1,800 டன்னாக இறங்கும். உராய்வு மட்டுமே 5,400 டன்னைத் தாண்டும்.

வேலை செய்தால்! கான்கிரீட்டிலிருந்து கரைந்துவரும் சுண்ணாம்பு துளைகளில் படிந்து அடைக்கும். அதனால்தான் கசிவு நீர் குறைந்தால் மகிழ்வதற்கு முன், அணைக்கு அடியிலுள்ள நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரைப் பார்க்க வேண்டும்: கசிவு குறைந்து அழுத்தம் ஏறியிருந்தால் துளை அடைத்திருக்கிறது, நீர் பாய்ச்சியோ மறுபடி துளையிட்டோ திறக்க வேண்டும். கசிவு கூடி, நீரும் கலங்கி வந்தால் நிலைமை இன்னும் மோசம், அடித்தளம் அரிக்கப்படுகிறது.

கசிவை அளப்பது 90 பாகை வி-நாட்ச் தகட்டில், அதாவது V வடிவ வெட்டுள்ள தகட்டில். வெட்டில் நீரின் உயரம் 5 செ.மீ. என்றால் நிமிடத்திற்குச் சுமார் 46 லிட்டர், 10 செ.மீ. என்றால் 260. ஒரு செ.மீ. தவறாகப் படித்தாலே கணக்கு கெட்டுவிடும். ஒப்பிடும்போது நீர்த்தேக்க மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேலரி ஆற்று மட்டத்துக்குக் கீழே இருந்தால் கசிவு நீரைப் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற முடியும். பம்பு நின்றால் கேலரி மூழ்கும், துளைகளில் எதிரழுத்தம் ஏறும். மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் இந்தப் பம்புகளுக்குத் தனி டீசல் ஜெனரேட்டர் வேண்டும். பெருவெள்ளத்தில் மின் நிலையமே நின்றுவிடலாம்.