மொட்டை மாடியில் மடங்கிக் கிடக்கும் தூண் கம்பி

பாளையங்கோட்டையிலிருந்து உவரி வரை எந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தாலும் மொட்டை மாடிகளில் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மாடி எடுக்க விட்டது. பிள்ளைகள் மேல் குத்திவிடும் என்று பலர் அதை மடக்கிப் போடுகிறார்கள். "மாடி எடுக்கும்போது நிமித்திக்கிடலாம்லா சார்?" நான் வேலை பார்க்கப் போகிற இடமெல்லாம் கேட்கும் கேள்வி இது. தயவுசெய்து மடக்காதீர்கள்.

இரும்பில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் அங்கங்கே ஓர் அடுக்கு பாதியிலேயே நின்றிருக்கும். அடுக்கு நின்ற விளிம்பில் கோடாக ஓடும் இந்தக் குறைக்குப் பெயர் டிஸ்லொக்கேஷன். கம்பி ஒடியாமல் வளைவதே இதனால்தான் என்று 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி என்ற விஞ்ஞானிகள் மூவரும் தனித்தனியே விளக்கினார்கள். கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தை மொத்தமாக இழுத்தால் நகராது. ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டாக்கித் தள்ளினால் லேசாக நகரும். அணு அடுக்குகளும் அப்படித்தான் வழுக்குகின்றன.

வளைக்க வளைக்கக் குறைகள் பெருகும். பதமாக ஆறவைத்த உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் குறைக்கோடுகளை ஒட்டி நீட்டினால் சுமார் 10 கிலோமீட்டர் வரும். கடுமையாக உருக்குலைத்ததில் 1 கோடி கிலோமீட்டர் வரை போகும்! ஒன்றோடொன்று சிக்கி நகர முடியாமல் நிற்கும். கம்பி விறைத்து, இளக்கம் போய்விடும்.

அப்புறம் வருவதுதான் பலருக்குத் தெரியாதது. வளைத்துப் போட்ட கம்பியில் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து அந்தக் குறைகளில் ஒட்டி அவற்றைப் பூட்டுகின்றன; நாள்பட நாள்படக் கம்பி இப்படி முதுமையடைகிறது. சூடு கூடினால் வேகமும் கூடும். கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1786 சொல்லும் சோதனையில் வளைத்த கம்பியை அரை மணி நேரம் கொதிநீரில் வைத்துத் திருப்பி வளைப்பது இந்த முதுமையை வரவழைத்துப் பார்க்கத்தான். ஆனால் அங்கே வளைப்பது கம்பியைப் போலப் பல மடங்கு தடிமனான உருளையைச் சுற்றி. சைட்டில் பைப்பைச் செருகி ஒரே இடத்தில் வெடுக்கென்று மடக்குகிறோம். அப்படி மடக்கி நிமிர்த்திய கம்பியின் உள்வளைவில், மேலே துருத்தி நிற்கும் வரிகள் கம்பியின் தண்டோடு சேரும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருக்கலாம்.

கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவது இன்னும் மோசம். இன்று வீடு கட்டப் பயன்படும் டிஎம்டி கம்பியின் பலமே தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்த வெளித்தோலில்தான், அது போய்விடும்.

கம்பியை நேராகவே விடுங்கள். சிமென்ட் பால் பூசி, பிவிசி குழாய் மாட்டி, மேலே மூடி போடுங்கள். ஏற்கெனவே மடங்கியிருந்தால் மேஸ்திரியை நிமிர்த்த விடாமல் முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கான்கிரீட்டைக் கொத்தி நல்ல பகுதியோடு புதுக் கம்பி சேர்ப்பதா, துளையிட்டு கெமிக்கலில் நடுவதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.