ஒரே முதலாளி, ஆறு தொழில்: அதற்காக ஒரே சிஸ்டமா?

மஸ்ஜிட் இந்தியாவில் ஜவுளிக்கடை, அதே வரிசையில் நகைக்கடை, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உணவகங்கள், போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கு ஏற்றும் லாரிகள், செந்தூலில் வாடகைக்கு விட்ட கடைவீடுகள், அண்மையில் மகள் தொடங்கிய பல் மருத்துவமனை. கோலாலம்பூரில் நம்மவர்கள் நடத்தும் குழுமங்கள் பல இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன. அவை வந்து மாட்டிக்கொள்ளும் இடமும் ஒன்றேதான். ஒரு பெரிய ஈ.ஆர்.பி (கொள்முதல், கையிருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) வாங்கி, மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு, "எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தியாச்சு" என்று அறிவித்துவிடுவார்கள். சில மாதங்களில் நகைக்கடை சத்தமில்லாமல் எக்செல்லுக்குத் திரும்பியிருக்கும். உணவக மேலாளர் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். அதன் பிறகுதான் ஆலோசகரைத் தேடுவார்கள். இப்படி இன்னொரு குழுமம் வந்து நின்றதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் அந்தப் பிடிவாதமான நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம்: "முதலாளி ஒருத்தர்தானே, சிஸ்டமும் ஒண்ணா இருந்தாத்தானே கட்டுப்பாடு இருக்கும்?" இல்லை. கட்டுப்பாடு கணக்கிலிருந்து வருகிறது. யார் எதை அனுமதிக்கிறார் என்ற ஒழுங்கிலிருந்து வருகிறது. எல்லாக் கடைக்கும் ஒரே திரையைக் கொடுப்பதால் வருவதில்லை.

நகைக்கடையைப் பாருங்கள். சாதாரண ஈ.ஆர்.பியில் ஒரு பொருளுக்கு ஒரு குறியீடு, ஒரு விலை, கையிருப்பில் இத்தனை எண்ணிக்கை. நகைக்கடையில் ஒரே டிசைனில் பத்து வளையல் இருந்தால் பத்துக்கும் பத்து எடை. விலை என்பது அன்றைய கிராம் விலையை எடையால் பெருக்கி, சேதாரமும் செய்கூலியும் சேர்த்தது. கிராம் விலையோ ஒரே நாளில்கூட மாறும். வாடிக்கையாளர் பழைய தங்கத்தைக் கொடுத்துக் கழிக்கச் சொன்னால், அது தள்ளுபடி இல்லை, கொள்முதல். பொது மென்பொருளில் அதற்கு இடம் இல்லாததால் காசாளர் "டிஸ்கவுண்ட்" என்று போட்டுவிடுவார். விற்பனை குறைவாகத் தெரியும், வாங்கிய தங்கம் கையிருப்பில் ஏறவே ஏறாது, ஆண்டு முடிவில் பெட்டகத்திலுள்ள எடையும் கணினியிலுள்ள எடையும் ஒத்துப்போகாது. பழி காசாளர் தலையில் விழும்.

உணவகத்துக்கு வேண்டியது ரெசிப்பி: வாங்கிய அரிசி மூட்டையை விற்ற தட்டுகளாகக் கழிக்கும் கணக்கு. ஜவுளிக்குச் சேலை எண்ணிக்கையில், ரவிக்கைத் துணி மீட்டரில். லாரிக்கு நடை வாரியாக டீசலும் டிரைவர் படியும். கடைவீட்டு வாடகைக்கு மாதத்துக்கு ஒருமுறை தானாகப் பில் எழுதினால் போதும். இத்தனையையும் ஒரே மென்பொருளுக்குள் திணிக்க "கஸ்டமைஸ்" செய்கிறோம் என்பார்கள். ஒவ்வொரு திருத்தமும் அடுத்த பதிப்பு வரும்போது உடையும். உடைந்ததை ஒட்டுவதற்கும் பில் வரும்.

எம்.ஐ.டி ஆய்வாளர்கள் ஜீன் ராஸும் பீட்டர் வெய்லும் இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டே கேள்விகள். தொழில்கள் தங்களுக்குள் எவ்வளவு தரவைப் பகிர்ந்தாக வேண்டும்? வேலையை எவ்வளவு தூரம் ஒரே முறையில் செய்தாக வேண்டும்? இரண்டுக்கும் விடை "குறைவு" என்றால் தொழில் மென்பொருளைத் தனித்தனியே விட்டுவிட்டு அடித்தளத்தை மட்டும் பொதுவாக்க வேண்டும். நம் குழுமங்கள் மேல்மட்டத்தில் இந்த வகைதான். ஆனால் அதே குழுமத்தின் உணவகக் கிளைகளுக்குள் போனால் விடை மாறிவிடும்: அங்கே எல்லாக் கிளையும் ஒரே மெனு, ஒரே ரெசிப்பி, ஒரே பி.ஓ.எஸ் (கல்லாவில் பில் போடும் மென்பொருள்) என்று அச்சு மாறாமல் இருக்க வேண்டும். கேள்வியைக் குழுமத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் ஒருமுறை கேட்க வேண்டும். நிறுவனக் கட்டமைப்பு என்று பெரிய பெயரில் சொல்வதன் உயிர்நாடி இதுதான். அந்தத் துறைக்கான டோகாஃப் சான்றிதழ் வாங்கி நூறு வரைபடம் வரைந்து கொடுப்பவர்கள்கூட இதைக் கேட்காமல் போவதுதான் எரிச்சல்.

கிளவுட் என்பது வாடகைக் கடை, அவ்வளவுதான். சாமானை எங்கே அடுக்குவது என்று கடைக்கு உரியவர் வந்து சொல்லமாட்டார்.

சரி, எது பொதுவாக இருக்கலாம்? பணியாளர் உள்நுழைவும் மின்னஞ்சலும், சம்பளக் கணக்கு, வலையமைப்பு, பேக்கப், குழும அளவில் ஒரே கணக்குத் தலைப்புப் பட்டியல், இ-இன்வாய்ஸ் (பில்லை மின்வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை) இணைப்பு. (சம்பள மென்பொருள் ஒன்றாக இருந்தாலும் ஈ.பி.எஃப், சொக்சோ முதலாளி எண் ஒவ்வொரு சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனிக்கும் தனி. அதைக் கலந்துவிடாதீர்கள்.)

இ-இன்வாய்ஸில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2024 ஆகஸ்ட் 1-இல் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2025 ஜனவரி, ஜூலை என்று படிப்படியாகக் கீழே இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 1 மில்லியனுக்கு மேல் 5 மில்லியன் வரை உள்ளவர்களையும் தொட்டுவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு உங்கள் குழுமம் தெரியாது, வரி எண் மட்டும்தான் தெரியும். எனவே ஆறு பி.ஓ.எஸ்ஸையும் ஆறு விதமாக அங்கே இணைக்காமல், நடுவில் ஒரே இணைப்பு மென்பொருளை வைத்து, ஒவ்வொரு கம்பெனியின் வரி எண்ணோடும் அனுப்புங்கள். வாரியம் விதியை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

சில்லறை விற்பனையை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒட்டுமொத்த இன்வாய்ஸாக அனுப்பிவிடலாம் என்று எல்லாருக்கும் தெரியும். 2026 ஜனவரி 1 முதல் ஒரே விற்பனை 10,000 ரிங்கிட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது என்பது பலருக்குத் தெரியவில்லை. இன்றைய தங்க விலையில் ஒரு கல்யாண செட்டே அதைத் தாண்டிவிடும். நகைக்கடை பி.ஓ.எஸ் அந்தத் தொகையைத் தாண்டியதும் வாங்குபவரின் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணையோ வரி எண்ணையோ கேட்காமல் பில்லை முடிக்கக்கூடாது. உணவகத்து பி.ஓ.எஸ்ஸுக்கு இந்த வசதி வேண்டியதில்லை. "ஒரே சிஸ்டம்" வாங்கியவர்கள் எல்லாக் கடையிலும் மைகார்டு கேட்கும் திரையை வைத்துவிட்டு, ரொட்டி சானாய்க்கும் வரிசை நீள்கிறது என்று புலம்புகிறார்கள்.

இன்னொன்று: "நம்ம லாரிதானே, நம்ம சேலைதானே, எதுக்குப் பில்லு?" லாரிக் கம்பெனியும் ஜவுளிக் கம்பெனியும் தனித்தனிப் பதிவு என்றால் இடையில் போகும் கட்டணத்துக்கும் இ-இன்வாய்ஸ் உண்டு. கிளவுட் பில் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் வந்தால் அதற்கு நீங்களே உங்களுக்கு சுய-பில் இன்வாய்ஸ் எழுத வேண்டும்.

வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் பொதுவாக்க ஆசைப்படாதீர்கள். பல் மருத்துவமனைக்கு வந்தவர் கொடுத்த தொலைபேசி எண்ணுக்கு ஜவுளிக்கடையின் தீபாவளிச் சலுகையை அனுப்புவது வியாபார சாமர்த்தியம் இல்லை, தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டத்தின் பிரச்சினை. உடல்நலத் தகவல் அச்சட்டத்தில் "சென்சிடிவ்", அதாவது கூடுதல் கவனம் வேண்டிய தரவு. வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெரும் பாதிப்புக்கு இடமிருந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கு அதன் பிறகு 7 நாளுக்குள். தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ஒரே தரவுத்தளத்தில் ஆறு தொழிலையும் கொட்டி வைத்திருந்தால், ஓட்டை எங்கே விழுந்தாலும் ஆறு கம்பெனியும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

வெளியே பேச எல்லாரும் தயங்கும் காரணம் ஒன்றும் இருக்கிறது: பாகப்பிரிவினை. இன்று அண்ணன் தம்பி ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கலாம். நாளை உணவகம் ஒருவருக்கு, ஜவுளி ஒருவருக்கு என்று பிரிந்தாலோ, லாரித் தொழிலை வெளியாருக்கு விற்றாலோ, கலந்து கிடக்கும் தரவுத்தளத்தை வெட்டி எடுப்பது வக்கீல் வேலையைவிட நீளும். அதனால் கிளவுட்டிலேயே கம்பெனிக்கு ஒரு கணக்கு திறங்கள். அமேசான் கிளவுட்டில் ஆர்கனைசேஷன்ஸ் அமைப்பில் தாய்க் கணக்கு ஒன்று, அதன் கீழ் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி உறுப்புக் கணக்கு. மைக்ரோசாஃப்டின் அசூர் கிளவுட்டில் தனித்தனி சப்ஸ்கிரிப்ஷன். தாய்க் கணக்கில் எந்த மென்பொருளையும் ஓடவிடாதீர்கள். பில்லும் விதிகளும் மட்டும் அங்கே இருக்கட்டும். எந்தத் தொழில் எவ்வளவு கிளவுட் செலவழிக்கிறது என்பதும் தானாகப் பிரிந்து தெரியும்.

அந்தக் கணக்குகள் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். தயவுசெய்து பாருங்கள். மென்பொருள் விற்றவரின் தனிப்பட்ட ஜிமெயிலில் இருந்தால் அது உங்கள் கணக்கு இல்லை. ரூட் கணக்குக்கு (எல்லா அதிகாரமும் உள்ள மூலக் கணக்கு) கம்பெனி டொமைனில் பொது முகவரி, இரட்டைச் சரிபார்ப்பு, மாற்றுச் சாவி பெட்டகத்தில். தினசரி வேலைக்கு ரூட்டைத் தொடவே கூடாது.

செலவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழைய சர்வரை அப்படியே தூக்கி கிளவுட்டில் வைத்தால் அது மாதத்துக்கு 730 மணி நேரம் ஓடும். அலுவலகம் நாளுக்கு 10 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் இயங்குகிறது என்றால் தேவை 260 மணி நேரம்தான். கணக்கு, சம்பளம், சோதனை சர்வர்களுக்கு நேர அட்டவணை போட்டு நிறுத்துங்கள். கணிமைக் கட்டணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். வட்டுக் கட்டணம் மட்டும் தொடரும். அசூரில் விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் மீட்டர் நிற்காது என்பதைக் கவனியுங்கள். போர்ட்டலில் நிறுத்தி, நிலை "டீஅலோகேட்" என்று காட்ட வேண்டும். எப்போதும் ஓடவேண்டிய தரவுத்தளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தக் கழிவு வாங்கலாம். அதற்கு முன் மூன்று மாதம் உண்மையான பயன்பாட்டை அளந்துவிடுங்கள். முதல் நாளே மூன்றாண்டுக்குக் கையெழுத்துப் போட்டால் கழிவு கிடைக்கும், வீண் கொள்ளளவும் சேர்ந்தே கிடைக்கும்.

அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் வட்டாரத் தரவு மையத்தைத் திறந்துவிட்டது, மைக்ரோசாஃப்டும் 2025-இல் வந்துவிட்டது. உடனே "சிங்கப்பூரிலிருந்து மாத்தணுமா?" என்று கேட்கிறார்கள். புதியதை இங்கே தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருப்பதை அவசரமாக இழுக்காதீர்கள். புதிய வட்டாரங்களில் எல்லாச் சேவையும் இருக்காது, சரிபாருங்கள். கல்லாவில் வேகம் குறையக் காரணம் பெரும்பாலும் சிங்கப்பூர் தூரம் இல்லை, கடைக்குள் வரும் ஒற்றை ஃபைபர் கம்பி. 4ஜி மாற்று இணைப்பு வைக்கும் ரூட்டரும், இணைப்பு அறுந்தாலும் பில் போட்டுப் பிறகு அனுப்பும் பி.ஓ.எஸ்ஸும் வேண்டும். வாங்குமுன் கம்பியைப் பிடுங்கிவிட்டு இருபது பில் போடச் சொல்லிப் பாருங்கள். எண் இரட்டிப்பாகிறதா, ஏதாவது காணாமல் போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

"கிளவுட்ல இருக்கே, பேக்கப் எதுக்கு?" மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேமிப்பான ஷேர்பாயிண்டில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 93 நாள் இருக்கும், அப்புறம் இல்லை. கட்டடமும் மின்சாரமும் வட்டும் அவர்கள் பொறுப்பு. உள்ளே இருக்கும் உங்கள் தரவு உங்கள் பொறுப்பு. பேக்கப்பை வேறொரு கிளவுட் கணக்கில், குறிப்பிட்ட காலம் அழிக்கவே முடியாத பூட்டுடன் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கம்பெனியின் கணக்கை வேறு சர்வரில் மீட்டெடுத்து, நேற்றைய கடைசி பில் வருகிறதா பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை.

வேலையைத் தொடங்கும் இடம் ஒரு எக்செல் தாள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வரி: எந்தக் கம்பெனி, யார் பயன்படுத்துகிறார், என்ன தரவு, நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம், ஒப்பந்தம் முடியும் தேதி, மாதச் செலவு, நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்கும். ஆட்டோகவுண்ட்டோ எஸ்.கியூ.எல் அக்கவுண்டிங்கோ போன்ற கணக்கு மென்பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதை வீச வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அதன் இருப்புநிலையைக் குழுமக் கணக்குத் தலைப்புகளோடு பொருத்தினால் முதலாளி கேட்கும் "மொத்தம் எவ்வளவு?" வந்துவிடும். முதலில் மின்னஞ்சலையும் உள்நுழைவையும் மாற்றுங்கள், பிறகு பேக்கப், பிறகு கணக்கு. கல்லா கடைசியில்தான். மஸ்ஜிட் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்கள் ஹரி ராயாவுக்கு முந்தைய ஆறு வாரமும் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் எதையும் தொடவே கூடாது. மென்பொருள் விற்பவர் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி தேடுங்கள்: விலகினால் தரவு எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் திரும்ப வரும்? வருமான வரிக்குப் பதிவேடுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே பில் வரிகளோடு மைஇன்வாய்ஸ் தந்த அடையாள எண்களும் இணைப்புக் கோப்புகளும் வர வேண்டும். சோதனைக் காலத்திலேயே ஒருமுறை எடுத்துத் தரச் சொல்லி, அந்தக் கோப்பை உங்கள் கணக்காளரிடம் திறக்கக் கொடுங்கள். "அதை அப்புறம் பார்த்துக்கலாம், பாஸ்" என்று பதில் வந்தால் அடுத்த விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.